பழைய வால்வு ஆம்ப்: ஒரு வால்வு மட்டும் சிவக்கிறது, ஓயாத ஹம், நடுவில் கரகரப்பு

#1 ஆறாம்தந்தி

வணக்கம். என் சித்தப்பா வாசித்த கிட்டார் ஆம்ப் இப்போது என்னிடம் வந்திருக்கிறது. 1970களில் செய்தது. வால்வுகள் (சூடேறி வேலை செய்யும் கண்ணாடிக் குழாய்கள்): ஸ்பீக்கரை ஓட்டும் பவர் பகுதியில் இரண்டு 6எல்6ஜிசி, முன்பகுதியில் நான்கு 12ஏஎக்ஸ்7, ஏசி-யை டிசி-யாக மாற்றும் ரெக்டிஃபையராக ஒரு ஜிஇசட்34. ஏழெட்டு வருடம் துணி போர்த்தி மூலையில் கிடந்தது.

போன வாரம் போட்டுப் பார்த்தேன். சத்தம் வருகிறது, அந்த இனிமையும் அப்படியே இருக்கிறது. ஆனால் வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தாலும் ஹம் (தாழ்ந்த ரீங்காரம்) அடங்கவில்லை. இருபது நிமிடம் சூடானதும் காய்ந்த சருகை மிதிப்பது போலக் கரகரக்கிறது. சில நேரம் சத்தம் திடீரென்று அமுங்கி, ஓங்கி ஒரு கார்டு அடித்தால் திரும்பி வருகிறது. பின்பக்கம் எட்டிப் பார்த்தேன், வலது பக்க 6எல்6-இன் உள்ளே இருக்கும் தகடு செங்கல் நிறத்தில் சிவந்திருந்தது.

பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் காட்டினேன். திறந்துகூடப் பார்க்காமல், "அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது" என்று சொல்லிவிட்டார் (பவர் வால்வுகளையும் ஸ்பீக்கரையும் இணைப்பது அது). எனக்கு சால்டரிங் தெரியும், மல்டிமீட்டர் இருக்கிறது. வால்வு கருவிக்குள் இதுவரை கை வைத்ததில்லை. எங்கிருந்து தொடங்குவது?

#2 ஓம்விதி

தம்பி, முதலில் அதை அணைத்து வையுங்கள். தகடு சிவந்தால் அந்த வால்வில் அளவுக்கு மீறி மின்னோட்டம் பாய்கிறது என்று பொருள். அப்படியே ஓட விட்டால் வால்வு போகும், அதோடு டிரான்ஸ்ஃபார்மரையும் இழுத்துக்கொண்டு போகும். இப்போது நன்றாக இருக்கிற டிரான்ஸ்ஃபார்மரை நீங்களே எரித்துவிடக் கூடாது.

கை வைப்பதற்கு முன் ஒன்று. உள்ளே 450 வோல்ட் வரை டிசி இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும், டிசி-யைச் சீராக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் அது தங்கும். ஸ்டாண்ட்பை சுவிட்சை (வால்வுகள் சூடாக இருக்க, உயர் வோல்டேஜை மட்டும் நிறுத்துவது) முதலில் அணைத்து, பிறகு மெயினை அணைத்தால், பல ஆம்ப்களில் முதல் கெப்பாசிட்டர் தனியாகத் துண்டிக்கப்பட்டு நிற்கும். அதில் இருக்கும் மின்சாரம் வடிய வழியே இல்லை. ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் தீப்பொறி பறக்க ஷார்ட் செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது கெப்பாசிட்டருக்கும் கெடுதல், கைக்கும் கெடுதல். 10 கே (கிலோஓம்), 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு பக்கமும் காப்பிட்ட கிளிப் வயர் கட்டிக்கொள்ளுங்கள். ஒரு கிளிப்பைச் சேஸிஸில் (ஆம்ப்பின் உலோகச் சட்டம்) முதலில் மாட்டி, மற்றதைக் கெப்பாசிட்டரின் பிளஸ்ஸில் அரை நிமிடம் வையுங்கள். பிறகு மீட்டரால் அளந்து பத்து வோல்ட்டுக்குக் கீழே வந்துவிட்டதா என்று பாருங்கள். சற்று நேரம் கழித்து மறுபடியும் அளக்க வேண்டும், பெரிய கெப்பாசிட்டர்களில் வோல்டேஜ் கொஞ்சம் திரும்ப ஏறும். மின்சாரம் இருக்கும்போது அளந்தால் இடது கை பாக்கெட்டுக்குள் இருக்கட்டும். இரண்டு கைக்கும் நடுவில் இருப்பது இதயம்.

ஸ்பீக்கர் இணைக்காமல் ஆம்ப்பைப் போடவே போடாதீர்கள்.

ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். ஹம் என்ன சுருதியில் இருக்கிறது? தடித்த இ தந்தியில் மூன்றாவது ஃபிரெட்டை அழுத்தினால் ஜி, அது 98 ஹெர்ட்ஸ். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடத்தில் ஃபில்டர் கெடும்போது வருவது அதன் இரட்டிப்பு, 100 ஹெர்ட்ஸ். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சுரம். அதற்கு ஒரு ஸ்தாயி கீழே கேட்டால் விஷயம் வேறு. உங்கள் ஊர் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்றால் 120 வரும், அது ஏ தந்தியின் இரண்டாவது ஃபிரெட்டில் இருக்கும் பி-க்குச் சற்றுக் கீழே.

#3 ஆறாம்தந்தி

நன்றி அண்ணா. இங்கே 50 ஹெர்ட்ஸ்தான். ஒரே ஒரு நிமிடம் மட்டும் போட்டு, இன்னொரு ஆம்ப் இல்லாமல் கிட்டாரைக் காதோடு வைத்துக் கேட்டேன். மூன்றாவது ஃபிரெட் ஜி-யேதான். விநாடிக்கு இரண்டு முறை சத்தம் ஏறி இறங்கியது. கொஞ்சம் கூர்மையான, ரம்பம் அறுக்கிற மாதிரி ஹம்.

அதோடு இடது வலது 6எல்6 இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்த்தேன். வால்வு மாறியும் வலது சாக்கெட்டில் இருப்பதுதான் சிவக்கிறது.

#4 பழையரேடியோ

அந்த ஏறி இறங்குவதுதான் பீட், அருகருகே உள்ள இரண்டு சுருதிகள் சேரும்போது வருவது. 100-க்கும் 98-க்கும் உள்ள வித்தியாசம் இரண்டு. ஆஸிலோஸ்கோப் இல்லாமலே உங்கள் காது அளந்து சொல்லிவிட்டது.

இடம் மாற்றிப் பார்த்தது நல்ல காரியம். வால்வின் மேல் குற்றமில்லை, அந்த சாக்கெட்டுக்கு வரும் பயாஸில்தான் (வால்வை அடக்கி வைக்கும் மைனஸ் வோல்டேஜ்) கோளாறு. 6எல்6-இன் ஐந்தாவது பின், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கிரிட். அங்கே நாற்பது வோல்ட்டுக்கு மேல் மைனஸ் இருந்தால்தான் வால்வு அடங்கி நிற்கும். அந்த மைனஸ் குறைந்தால் வால்வு கட்டவிழ்ந்து ஓடும், சிவக்கும்.

செய்ய வேண்டியது: 6எல்6 இரண்டையும் கழற்றுங்கள். 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக இணைத்த போர்டு வழியாக ஆம்ப்புக்கு மின்சாரம் கொடுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது, டங்ஸ்டன் இழை வேண்டும். குளிர்ந்த இழைக்குத் தடை குறைவு, மின்னோட்டம் கூடினால் சூடேறித் தடையும் கூடும், அதனால் உள்ளே ஷார்ட் இருந்தாலும் பல்பு பிரகாசமாக எரிவதோடு போய்விடும். பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் தொடரலாம். அப்படியே எரிந்துகொண்டிருந்தால் அணைத்துவிட்டு இங்கே எழுதுங்கள்.

இரண்டு சாக்கெட்டிலும் ஐந்தாம் பின்னைச் சேஸிஸோடு வைத்து அளந்து சொல்லுங்கள். பவர் வால்வுகள் இல்லாததால் மேலே உள்ள வோல்டேஜ் வழக்கத்தைவிட ஏறும். அதனால் அளவெடுத்ததும் அணைத்துவிடுங்கள்.

மெயின் வயர் இரண்டு பின்னா மூன்று பின்னா என்றும் பாருங்கள்.

#5 வேகக்கை

என் அனுபவத்தில் இத்தனை பழைய ஆம்ப்புக்கு ஒரே வழிதான். உள்ளே இருக்கும் எல்லாக் கெப்பாசிட்டரையும், எல்லாக் கார்பன் ரெசிஸ்டரையும் மொத்தமாக மாற்றிவிடுங்கள். ஒரு நாள் வேலை. பிறகு இருபது வருடம் கவலையில்லை. ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்தால் நேரம்தான் போகும்.

#6 ஓம்விதி

வேகக்கை, எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரைப் பொறுத்தவரை உங்களோடு உடன்படுகிறேன். அதன் உள்ளே இருப்பது ஈரம், ஐம்பது வருடத்தில் காய்ந்துதான் போயிருக்கும். மற்றவற்றில் எனக்கு உடன்பாடில்லை.

முதல் காரணம், முதல்முறை திறப்பவர் நூறு இடத்தில் சால்டர் வைத்தால் நாலு இடத்தில் புதுத் தவறு வரும். அப்போது பழைய கோளாறு எது, நாம் செய்தது எது என்று பிரிக்கவே முடியாது. இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் முக்கியம். அவருக்குப் பிடித்திருக்கிற அந்த ஒலி உள்ளே இருக்கிற நல்ல பாகங்களிலிருந்துதான் வருகிறது. அளந்து நல்லது என்று தெரிந்த பாகத்தை வயதுக்காகத் தூக்கிப் போடுவது அந்த ஆம்ப்புக்குச் செய்யும் அநியாயம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், மாற்றியதும் ஓட்டிப் பார்த்தல், குறித்து வைத்தல். நான் முப்பது வருடமாக இப்படித்தான் செய்கிறேன்.

#7 ஆறாம்தந்தி

மூன்று நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். அவசரப்படக் கூடாது என்று மெதுவாகச் செய்தேன்.

மெயின் வயர் மூன்று பின். எர்த் சேஸிஸில் நன்றாகப் பிடித்திருக்கிறது. முதலில் கெப்பாசிட்டரை அளந்தபோது கை நடுங்கியது. அணைத்து அரை மணி நேரம் ஆகியும் 310 வோல்ட். நீங்கள் சொன்ன அதே ஸ்டாண்ட்பை விஷயம்தான். ரெசிஸ்டர் வைத்து வடித்தேன்.

பல்பு எரிந்து மங்கியது. ஐந்தாம் பின் அளவு: இடது மைனஸ் 46, வலது மைனஸ் 29.

#8 பழையரேடியோ

கிடைத்துவிட்டது என்றே நினைக்கிறேன். இரண்டு பக்கத்துக்கும் பயாஸ் ஒரே இடத்திலிருந்து, ஆளுக்கொரு 220 கே ரெசிஸ்டர் வழியாக வருகிறது. வலது பக்கம் மட்டும் 17 வோல்ட் ஏறியிருக்கிறது என்றால் வேறு எங்கிருந்தோ பிளஸ் உள்ளே கசிகிறது. அதற்கு ஒரே வாசல், ஃபேஸ் இன்வெர்ட்டரிலிருந்து (இரண்டு பவர் வால்வுகளுக்கும் எதிரெதிர் சிக்னல் கொடுக்கும் முன்பகுதி வால்வு) கிரிட்டுக்கு வரும் கப்ளிங் கெப்பாசிட்டர். ஏசி-யை விட்டு டிசி-யைத் தடுப்பதுதான் அதன் வேலை.

ஆம்ப்பை அணைத்து வடித்துவிட்டு, அந்தக் கெப்பாசிட்டரின் கிரிட் பக்கக் காலை மட்டும் கழற்றி அந்தரத்தில் விடுங்கள். பிறகு போட்டு, அந்தக் காலுக்கும் சேஸிஸுக்கும் இடையே டிசி அளவெடுங்கள். நல்ல கெப்பாசிட்டர் என்றால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டும். மீட்டரின் ஓம் நிலையில் வைத்துப் பார்த்து ஏமாற வேண்டாம். மீட்டர் கொடுப்பது ஒரு சில வோல்ட், இந்தக் கசிவு இருநூறு வோல்ட்டில்தான் முகம் காட்டும்.

#9 ஆறாம்தந்தி

வலது: 172 வோல்ட்! இடது: 0.1.

காலைக் கழற்றியதும் வலது ஐந்தாம் பின் மைனஸ் 46-க்கு வந்துவிட்டது.

#10 ஓம்விதி

கணக்கும் சரியாகப் பொருந்துகிறது, பாருங்கள். 220 கே-யில் 17 வோல்ட் என்றால் 77 மைக்ரோஆம்பியர். இன்வெர்ட்டர் வால்வின் பிளேட்டில் (உள்ளே இருக்கும் தகடு) 230 வோல்ட் அளவில் இருக்கும் என்று வைத்துக்கொண்டால் அந்தக் கெப்பாசிட்டர் ஏறத்தாழ 3.4 மெகாஓம் ரெசிஸ்டராக மாறிவிட்டிருக்கிறது. உங்கள் மீட்டரின் உள்தடை 10 மெகாஓம். அப்படியானால் அந்தரத்தில் விட்ட காலில் 172 வோல்ட்தான் காட்ட வேண்டும், அதையே காட்டியிருக்கிறது.

0.1 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் ஃபிலிம் கெப்பாசிட்டர் போடுங்கள். இந்த ஓரிடத்தில் மட்டும் இரண்டு பக்கமும் மாற்றச் சொல்வேன். இரட்டைகள் ஒரே வயது, ஒரே சூட்டில் இருந்தவை. சிவந்த வால்வின் ஸ்க்ரீன் (இரண்டாவது கிரிட்) ரெசிஸ்டரையும் அளந்து பாருங்கள், அது வெந்திருக்கும்.

#11 ஆறாம்தந்தி

இரண்டையும் மாற்றினேன். ஸ்க்ரீன் ரெசிஸ்டர் இடது 480 ஓம், வலது 1150 ஓம். எழுதியிருப்பது 470. அதையும் மாற்றினேன். இருட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன், இரண்டு வால்விலும் சிவப்பு இல்லை.

ஹம் அப்படியே இருக்கிறது. ஃபேஸ் இன்வெர்ட்டர் வால்வைக் கழற்றினாலும் போகவில்லை.

#12 தாழ்சுரம்

நான் பேஸ் வாசிப்பவன், என் ஆம்ப்பிலும் இதே வந்தது. இன்வெர்ட்டர் இல்லாமலும் ஹம் வருகிறது என்றால் முன்பகுதி முழுவதையும் சந்தேகத்திலிருந்து விலக்கிவிடலாம். மிச்சம் பவர் சப்ளையும் பவர் வால்வுகளும்தான். கெப்பாசிட்டர் டப்பாவின் அடியில் பசை வழிந்திருக்கிறதா, தலை புடைத்திருக்கிறதா?

#13 ஆறாம்தந்தி

ஒன்றில் பழுப்பாக உலர்ந்த கசிவு இருக்கிறது. மற்றவை வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன.

வேரியாக் (மெயின் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் கருவி) வைத்து மெதுவாக வோல்டேஜ் ஏற்றினால் பழைய கெப்பாசிட்டர் உயிர் பெறும் என்று படித்தேன். முயலலாமா?

#14 பழையரேடியோ

அது சும்மா கிடந்து உள்ளே இருக்கும் காப்புப் படலம் மெலிந்த கெப்பாசிட்டருக்குப் பலன் தரும். காய்ந்ததற்கும் கசிந்ததற்கும் தராது. அதோடு உங்களுடையது வால்வு ரெக்டிஃபையர். அதன் இழை போதிய சூடு பெறும் வரை டிசி வராது, பிறகு ஒரே மூச்சில் ஏறிவிடும். மெதுவாக ஏற்றுவது என்ற எண்ணமே அங்கே நிறைவேறாது.

மாற்றுவதற்கு முன்பு ஓர் அளவு எடுத்து வையுங்கள். மீட்டர் 600 வோல்ட் டிசி தாங்குமா என்று உறுதி செய்துகொண்டு, ஏசி நிலையில் வைத்து, சோக்குக்குப் (டிசி-யைச் சீராக்கும் கம்பிச் சுருள்) பிறகு வரும் ஸ்க்ரீன் புள்ளியில் எவ்வளவு ரிப்பிள் (டிசி-யில் மிச்சமிருக்கும் ஏசி) என்று பாருங்கள். பயாஸ் பகுதியில் இருக்கும் சின்ன எலக்ட்ரோலிட்டிக்கையும் சேர்த்து மாற்றுங்கள். அதன் பிளஸ் கால் சேஸிஸுக்குப் போகும். மைனஸ் சப்ளை அது. பழக்கத்தில் திருப்பிப் போட்டுவிட்டால் பயாஸ் போய்விடும், இரண்டு வால்வும் சிவக்கும்.

#15 வேகக்கை

மாற்றுவதுதான் மாற்றுகிறீர்கள், முதல் கெப்பாசிட்டரை 100 மைக்ரோஃபாரட்டாகப் போடுங்கள். ஹம் சுத்தமாகப் போய்விடும்.

#16 ஓம்விதி

வேண்டாம். ஜிஇசட்34-க்கு முதல் கெப்பாசிட்டர் 60 மைக்ரோஃபாரட்டைத் தாண்டக் கூடாது என்று அதன் தகவல் தாளிலேயே இருக்கிறது. பெரிதாகப் போட்டால் ஒவ்வொரு சுற்றிலும் பாயும் மின்னோட்ட உச்சம் கூடி ரெக்டிஃபையருக்குள்ளேயே பொறி அடிக்கும். வாசிக்கும்போது பவர் சப்ளை சற்றுத் தொய்ந்து எழுவது இந்த ஆம்ப்பின் குணத்தில் ஒரு பங்கு, அதையும் இழப்பீர்கள். டயோடு ரெக்டிஃபையர் உள்ள ஆம்ப்பில் வேகக்கை சொல்வதை யோசிக்கலாம்.

#17 வேகக்கை

என்னுடையது டயோடுதான். வால்வுக்கு இந்த எல்லை இருப்பது எனக்குத் தெரியவில்லை. நன்றி அண்ணா.

#18 ஆறாம்தந்தி

முடித்துவிட்டேன். முதலில் இருந்தவை 20 மைக்ரோஃபாரட் இரண்டு இணையாக, அங்கே 22 இரண்டு, 500 வோல்ட். மற்ற இடங்களிலும் 22. பயாஸ் கெப்பாசிட்டரின் பிளஸ் சேஸிஸில் இருக்கிறதா என்று மூன்று முறை பார்த்தேன்.

ஸ்க்ரீன் புள்ளியில் ரிப்பிள்: முன்பு 6 வோல்ட், இப்போது 0.25.

அந்த ரம்ப ஹம் போய்விட்டது! அது போனதும்தான் அதற்கு அடியில் இன்னொரு மெல்லிய ஹம் இருப்பது தெரிகிறது. மிருதுவானது, மிகவும் தாழ்ந்தது.

#19 தாழ்சுரம்

என் பேஸில் இ தந்தியின் மூன்றாவது ஃபிரெட் ஜி 49 ஹெர்ட்ஸ். நீங்கள் சொல்வது அதுதான் என்றால் வால்வுகளைச் சூடாக்கும் ஹீட்டர் வயரைப் பாருங்கள். 6.3 வோல்ட் ஹீட்டர் லைனின் இரண்டு பக்கத்திலிருந்தும் சேஸிஸுக்கு ஒவ்வொரு 100 ஓம் ரெசிஸ்டர் இருக்கும். என்னுடையதில் ஒன்று கரிந்து அறுந்திருந்தது.

#20 ஆறாம்தந்தி

அண்ணா, அதேதான். பைலட் விளக்குக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. ஒன்று 101, மற்றது மீட்டரில் ஒன்றுமே காட்டவில்லை. அரை வாட் போட்டேன். ஹம் போயே போய்விட்டது. வால்யூமைப் பாதி ஏற்றினாலும் கிட்டாரின் பிக்கப் இரைச்சல் மட்டும்தான் கேட்கிறது.

#21 பழையரேடியோ

அருமை. எப்போதோ ஒரு பவர் வால்வு உள்ளுக்குள் ஷார்ட் ஆகி ஹீட்டருக்குப் பாய்ந்திருக்கும். அந்தச் சின்ன ரெசிஸ்டர் ஃபியூஸ் மாதிரி தன்னைக் கொடுத்திருக்கிறது.

இனி கரகரப்பு. சூடானதும் வருகிறது என்றீர்கள். இன்புட்டிலிருந்து தொடங்கி 12ஏஎக்ஸ்7 ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது நிற்கிறதோ அங்கேதான் இருக்கிறது. பிறகு அதே இடத்தில் வேறு நல்ல வால்வைப் போடுங்கள். அப்போதும் கரகரத்தால் அந்த வால்வின் 100 கே பிளேட் ரெசிஸ்டர். பழைய கார்பன் காம்பொசிஷன் ரெசிஸ்டரில் குறுக்கே டிசி கூடக் கூட இரைச்சல் கூடும், பிளேட்டில் நூறு வோல்ட்டுக்கு மேல் அதன் குறுக்கே நிற்கிறது.

#22 ஆறாம்தந்தி

இரண்டாவது வால்வைக் கழற்றியதும் நின்றது. வேறு வால்வு போட்டும் வந்தது. காய்ந்த மூங்கில் குச்சியால் ரெசிஸ்டர்களை ஒவ்வொன்றாகத் தட்டினேன். ஒன்றைத் தொட்டதும் சடசடவென்றது. அணைத்து அளந்தேன், 138 கே. மெட்டல் ஃபிலிம் ஒரு வாட் போட்டேன். ஒன்றரை மணி நேரம் ஓட விட்டேன், ஒரு சத்தமும் இல்லை.

அதன் பக்கத்தில் இருப்பவை 104, 107. அவற்றைத் தொடவில்லை.

இன்னும் ஒன்று மட்டும் பாக்கி. சத்தம் அமுங்குவது நேற்றும் ஒரு முறை வந்தது.

#23 ஓம்விதி

அதை நான் மறக்கவில்லை, என்னை அதிகம் பயமுறுத்துவது அதுதான். ஓங்கி அடித்தால் திரும்புகிறது என்றால், அழுக்கேறிய ஒரு தொடுமுனையைப் பெரிய மின்னோட்டம் துளைத்துக்கொண்டு போகிறது. அது இன்புட் ஜாக்காக இருந்தால் பெரிய ஆபத்தில்லை. ஸ்பீக்கர் ஜாக்காக இருந்தால், ஒவ்வொரு முறை அமுங்கும்போதும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் சுமை இல்லாமல் நிற்கிறது. அப்போது அதன் பிரைமரியில் (வால்வு பக்கச் சுருள்) ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பி, காப்பை எரித்துவிடும். டிரான்ஸ்ஃபார்மர் சாகும் வழிகளில் இது முக்கியமானது.

ஸ்பீக்கர் கேபிள், ஜாக், ஸ்பீக்கரின் டெர்மினல் மூன்றையும் பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 6 அல்லது 7 காட்டும், அது சரிதான். ஜாக்கை அசைக்கும்போது அந்த எண் அசையக் கூடாது.

கையோடு அந்த டிரான்ஸ்ஃபார்மரையும் சோதித்துவிடுங்கள். ஆம்ப் அணைந்து, வடிந்து, பவர் வால்வுகள் இல்லாமல் இருக்கட்டும். தனியாக ஒரு 6 வோல்ட் ஏசி டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து இரண்டு பிளேட் முனைகளுக்கும் கொடுத்து, ஸ்பீக்கர் பக்கம் எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். ஸ்பீக்கரைக் கழற்றிவிட வேண்டும். திருப்பி ஸ்பீக்கர் பக்கம் கொடுத்துவிடாதீர்கள், மறுபக்கம் நூறு வோல்ட்டுக்கு மேல் வரும்.

#24 ஆறாம்தந்தி

ஸ்பீக்கர் ஜாக்கேதான். அசைத்தால் 6.8-லிருந்து நாற்பது, ஐம்பது என்று தாவுகிறது. உள்ளே இருக்கும் தகடு கறுத்து, இறுக்கம் போய் இருந்தது. சுத்தம் செய்வதை விட மாற்றுவதே மேல் என்று புது ஜாக் போட்டேன். சால்டர் செய்து ஆட்டிப் பார்த்தேன், 6.8 அசையவில்லை.

டிரான்ஸ்ஃபார்மர்: கொடுத்தது 6.3, வந்தது 0.28. நடு முனையிலிருந்து ஒரு பக்கம் 58 ஓம், மறுபக்கம் 64. இந்த வித்தியாசம் பிரச்சினையா?

#25 ஓம்விதி

இல்லை. வெளியே சுற்றிய பாதிக்குக் கம்பி நீளம் அதிகம், அதனால் தடை கொஞ்சம் கூடும்.

6.3-ஐ 0.28-ஆல் வகுத்தால் 22.5. அதன் வர்க்கம் 506. அதை ஸ்பீக்கரின் 8 ஓமால் பெருக்கினால் ஏறத்தாழ 4050 ஓம். இரண்டு 6எல்6-க்கு வழக்கமாக வைக்கும் 4 கே சுமை அதுதான். ஒரு சுற்று ஷார்ட் ஆகியிருந்தாலே இந்த விகிதம் குலைந்துபோயிருக்கும். உங்கள் டிரான்ஸ்ஃபார்மர் நலமாக இருக்கிறது தம்பி.

கடைசியாக பயாஸ். ஒவ்வொரு 6எல்6-இன் கேத்தோடுக்கும் (எலக்ட்ரான்கள் கிளம்பும் முனை) சேஸிஸுக்கும் நடுவில் 1 ஓம் ரெசிஸ்டர் வையுங்கள். அதன் குறுக்கே ஒரு மில்லிவோல்ட் என்றால் ஒரு மில்லிஆம்பியர்.

#26 ஆறாம்தந்தி

பழைய ஜோடியில் 41, 33 என்று காட்டியது. சிவந்துகொண்டிருந்த வால்வு களைத்துப்போயிருக்கிறது. பொருத்தமான புது ஜோடி போட்டேன். பிளேட்டில் 438 வோல்ட், இரண்டும் 40, 39. பெருக்கினால் 17.5 வாட். 6எல்6ஜிசி-யின் எல்லை 30. எழுபது சதவீதம் வரை, அதாவது 48 மில்லிஆம்பியர் வரை ஏற்றலாம் என்கிறார்கள். ஏற்றவா?

#27 பழையரேடியோ

வாசித்துப் பாருங்கள். மெல்ல வாசிக்கும்போது சுரம் தேய்ந்து மறையும் இடத்தில் கரடுமுரடாக இல்லாவிட்டால் அப்படியே விட்டுவிடுங்கள். குறைந்த சூட்டில் வால்வும் டிரான்ஸ்ஃபார்மரும் நீண்ட நாள் இருக்கும்.

#28 ஆறாம்தந்தி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். தினமும் ஒரு மணி நேரமாவது வாசித்தேன். பயாஸை மறுபடி அளந்தேன்: 39, 39. ஹம் இல்லை, கரகரப்பு இல்லை, ஒரு முறைகூட அமுங்கவில்லை. 40-இல் சுரம் தேய்வது சுத்தமாக இருந்தது, ஏற்றவில்லை.

சித்தப்பா ஞாயிறு வந்து அரை மணி நேரம் வாசித்தார். முன்பைவிட மந்தர சுரங்கள் இறுக்கமாக இருக்கின்றன, மற்றபடி இது என் ஆம்ப்தான் என்றார். மொத்தம் மாற்றியது எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள், கப்ளிங் இரண்டு, ரெசிஸ்டர் மூன்று, ஜாக் ஒன்று, பவர் வால்வு ஒரு ஜோடி. கழற்றியவை எல்லாவற்றையும் ஓர் உறையில் போட்டு பெட்டிக்குள் ஒட்டிவிட்டேன். எந்தப் புள்ளியில் எத்தனை வோல்ட் என்று ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, அதன் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அடுத்து திறப்பவருக்கு உதவும்.